பழி சுமந்தவளும் பாவம் சுமந்தவனும்

அமெரிக்க நாவல் இலக்கியத்தின் பெருஞ்சாதனைகளை எண்ணப் புகுவோர், நத்தானியல் ஹாதார்ன் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்கார்லெட் லெட்டர்' என்னும் நூலை ஒதுக்கிவிட்டு எண்ணுதல் இயலாது. நம்மிற் பலர் அதனைக் கல்லூரி நாட்களில் பாடநூலாகக் கற்றுத் தேர்வு முடிந்ததும் மறந்தவர்கள். வேதாகமமும் பிரசங்கமும் நிறைந்த பழைய பாஸ்டன் நகரத்துக் கதை, திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள்ளும் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு என்ன சொல்லிவிடப் போகிறது என்ற ஐயம் எழுதலும் இயல்பே. ஆயினும் அந்நூலை மீண்டும் கையிலெடுத்தபோது, நமக்கு அண்டை வீட்டில் நடந்த வழக்கு ஒன்றே நினைவுக்கு வந்தது. அவ்வழக்கைப் பக்கத்தில் வைத்து நாவலைப் படித்தால் ஹாதார்னின் பெருமையும் தெரிகிறது. அவர் தொடத் தயங்கிய இடமும் தெரிகிறது.

கதையைச் சுருங்கக் கூறுவோம். காலம் 1640களின் பாஸ்டன். இங்கிலாந்தை விட்டுக் கடல் கடந்து வந்து, தூய சமயநெறியில் வாழ்வோம் என்று குடியேறிய பியூரிட்டன் மக்களின் ஊர். கணவன் ஊர் வந்து சேராத நிலையில் ஹெஸ்டர் பிரின் என்பாள் ஒரு பெண் மகவை ஈன்றெடுக்கிறாள். ஊர் மன்றம் அவளுக்கு விதிக்கும் தண்டனை இரண்டு. கைக்குழந்தையுடன் சந்தைவெளி மேடைமீது மூன்று மணி நேரம் ஊரார் காண நிற்றல் ஒன்று. பிறர்மனை நயத்தலைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்தைச் செந்நிறத் துணியில் தைத்து வாழ்நாள் முழுதும் மார்பில் அணிதல் மற்றொன்று. குழந்தையின் தந்தை யார் என்று கேட்கிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை. தந்தையோ அவ்வூர் மக்கள் போற்றும் இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல். அவளை நோக்கி, 'அவன் பெயரைச் சொல்லிவிடு' என்று எல்லோர் முன்னிலையிலும் வேண்டுமாறு மேலோர் பணிப்பது அவரைத்தான். அவரும் வேண்டுகிறார். உலக இலக்கியத்தில் இதற்கிணையான கொடிய நகைமுரண் மிகச் சிலவே.

தமிழில் இந்நிலையைப் பேச நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. பாவம் வேறு, குற்றம் வேறு, பழி வேறு. பாவம் செய்தவன் நெஞ்சோடும் தெய்வத்தோடும் உறவுடையது. குற்றம் அறத்தோடும் அரசோடும் உறவுடையது. பழியோ பிறர் வாயில் வாழ்வது. ஊர்வாய்ப் பேச்சுக்கு 'அலர்' என்றொரு தனிச்சொல்லையே அகத்திணை மரபு படைத்துக்கொண்டது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமும், நாணுடைமைக்கென வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஆங்கிலத் திறனாய்வாளர் பலர் இந்நாவலைப் பாவத்தின் கதை என்றே எழுதிப் போந்தனர். தமிழ் வாசகன் அதனைப் பழியின் கதையாகவும் படிக்கக் கடமைப்பட்டவன். ஏனெனில் ஹாதார்ன் இவ்விரண்டையும் இருவருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். பழி பெண்ணுக்கு, பாவ உணர்வு ஆணுக்கு. இப்பங்கீட்டை நியாயமென்று ஏற்கலாமா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

நாவலின் கட்டுமானமே இப்பங்கீட்டைக் காட்டுகிறது. மேடைக் காட்சி மும்முறை வருகிறது. முதலில் பட்டப்பகலில் ஹெஸ்டர் தனித்து நிற்கிறாள். நடுவில் ஓர் இரவு. ஊர் உறங்கும் வேளையில் டிம்ஸ்டேல் அம்மேடையில் ஏறுகிறார். தற்செயலாக அவ்வழி வந்த ஹெஸ்டரையும் சிறுமி பேர்லையும் உடன் நிறுத்திக்கொள்கிறார். 'நாளை நண்பகலில் எங்களோடு இங்கே நிற்பாயா?' என்று குழந்தை கேட்கிறது. அவர் இறுதித் தீர்ப்பு நாளைச் சுட்டி மழுப்பிவிடுகிறார். கடவுள் முன் நிற்க அஞ்சாதவர் கடைத்தெரு முன் நிற்க அஞ்சுகிறார் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்னவர் வேறெவரும் உளரோ என வியக்கிறோம். மூன்றாவது முறை, ஏழாண்டுகளுக்குப் பின், சிறப்புப் பிரசங்கம் நிகழ்த்திப் புகழின் உச்சியில் நிற்கும் நாளில், பகலிலேயே மேடையேறி, மார்பைத் திறந்து காட்டி உயிர்விடுகிறார்.

இடைப்பட்ட ஏழாண்டுகளில் டிம்ஸ்டேலின் உள்ளத்தை ஹாதார்ன் அகழ்ந்து காட்டும் பகுதிகளே நூலின் சிகரம் என்பர். அதில் நமக்கும் மாறுபாடில்லை. அவர் பிரசங்க பீடத்தில் நின்று, தாம் பாவிகளுட் கடைப்பட்ட பாவி என்று கூறுகிறார். கேட்ட மக்கள், இத்தகைய புனிதரே தம்மை இப்படித் தாழ்த்திக்கொள்வாராயின் நம் நிலை என்னாவது என்று அவரை மேலும் வணங்குகிறார்கள். இப்படித்தான் ஆகும் என்பது சொல்லும்போதே அவருக்குத் தெரியும். பொதுப்படையாகச் சொல்லப்படும் குற்ற ஒப்புதல் புகழாகத் திரும்பிவரும். இன்ன நாளில் இன்னாரோடு இன்னது செய்தேன் என்று பெயர் சொன்னால்தான் அது ஒப்புதல். நம் மேடைகளிலும் அடியேன், கடையேன் என்னும் சொற்கள் மலிந்து கிடக்கின்றன.

ஹெஸ்டருக்கு இந்த உள்முகப் போராட்டம் மிகுதியும் தரப்படவில்லை. அவளுக்குத் தரப்படுவது ஊசி. தண்டனை எழுத்தையே அவள் பொன்னிழையால் அழகுறப் பின்னுகிறாள். ஆளுநரின் சடங்கு உடைக்கும் இறந்தோரின் போர்வைக்கும் அவளது கைவேலை வேண்டப்படுகிறது. மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் யாரும் அவளை அழைப்பதில்லை. இவ்வொரு செய்தி போதும், ஊர் எவ்வாறு ஒருத்தியைப் பயன்படுத்திக்கொண்டே விலக்கி வைக்கும் என்பதைக் காட்ட. ஆண்டுகள் செல்லச் செல்ல, நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் அவள் ஆற்றிய தொண்டு கண்டு அவ்வெழுத்துக்கு 'ஆற்றல் உடையவள்' என்று வேறு பொருள் சொல்லத் தலைப்படுகிறார்கள். எழுத்து மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. இது ஹாதார்னின் பெருவெற்றி. (இந்நூலைத் தமிழாக்குவோர் அவ்வெழுத்தை என்ன செய்வர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. அகரத்தை வைக்க மனம் வராது. அது நமக்குக் குறள் தொடங்கும் எழுத்து. ஆனால் 'அலர்' என்பதும் அகரத்தில்தான் தொடங்குகிறது!)

ஆசிரியர் இக்கதையை வெறுங்கற்பனையாக நெய்யவில்லை. 1631இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் இக்குற்றத்துக்கு மரண தண்டனை வகுத்தது. 1644இல் பாஸ்டனில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவ்வாறே தூக்கிலிடப்பட்டனர். பிளிமத் குடியேற்றத்தில் 1658இல் எழுத்தைத் துணியில் தைத்து அணியும் சட்டம் வந்தது. மேலும், சேலம் நகரில் 1692இல் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட வழக்குகளில் பங்குகொண்ட நீதிபதி ஜான் ஹாதார்ன், நாவலாசிரியரின் முன்னோர். முன்னோர் செய்த கொடுமைக்கான நாணத்தைத் தாம் ஏற்றுக்கொள்வதாக நூலின் முன்னுரைப் பகுதியிலேயே ஆசிரியர் எழுதுகிறார். தண்டித்தவர்களின் வழித்தோன்றல், தண்டிக்கப்பட்டவளின் கதையை எழுதுகிறார் என்பதை மனத்தில் இருத்தியே இந்நூலைப் படிக்க வேண்டும்.

இனி அண்டை வீட்டு வழக்குக்கு வருவோம்.

மலையாள நாட்டு நம்பூதிரி இல்லங்களில் 'ஸ்மார்த்த விசாரம்' என்றொரு முறை இருந்தது. அந்தர்ஜனம் எனப்படும் இல்லத்துப் பெண் ஒருத்தியின் ஒழுக்கத்தில் ஐயம் எழுந்தால், முதலில் அவளுடைய பணிப்பெண்ணை விசாரிப்பர். ஐயம் வலுப்பெற்றால் அவளை 'அஞ்சாம்புரை' என்னும் தனி இடத்தில் அடைப்பர். அந்நாள் முதல் அவளுக்குப் பெயர் கிடையாது. 'சாதனம்', அதாவது பொருள் என்றே குறிப்பர். அரசரின் அனுமதியோடு ஸ்மார்த்தனும் சாத்திரம் வல்லோரும் வந்து நாட்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில் வினவுவர். குற்றம் நிலைபெற்றால் அவள் சாதியிழப்பாள். உயிரோடு இருப்பவளுக்கே உறவினர் ஈமக்கடன் செய்து உறவை அறுப்பர். அவள் பெயர் குறித்த ஆண்களும் சாதியிழப்பர். பெயர்களை ஊரறியச் சொல்லும் பணி ஒரு தமிழ்ப் பட்டரிடம் விடப்படுவதும் உண்டு என்னும்போது, இது யாரோ செய்த வழக்கம் என்று நாம் தள்ளி நிற்க முடியவில்லை.

ஆண்மீது ஐயம் எழுந்தால் மெய்ப்பிக்கும் இடமாக விளங்கியது நம் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலில் நடந்த 'கைமுக்கு' என்னும் சடங்கில், கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தம் தூய்மையை நிறுவ வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து ஆண்ட சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அக்கொடுமை நிறுத்தப்பட்டது. கை வெந்ததும் வேகாததும் ஒழுக்கத்துக்குச் சான்றாகுமாயின் நெய்யே நீதிபதி என்றாகிவிடும்! எனினும் ஒன்று: கைமுக்கில் ஆணுக்கு ஒரு வாயிலேனும் இருந்தது. அஞ்சாம்புரையில் பெண்ணுக்கு அப்படியொன்று இருந்ததாகத் தோன்றவில்லை.

1905ஆம் ஆண்டில் கொச்சி அரசில் நடந்த விசாரணை இம்முறையையே உலுக்கியது. குறியேடத்து இல்லத்து அந்தர்ஜனமான தாத்ரி என்பாள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அத்தோடு நிற்கவில்லை. தன்னோடு குற்றத்தில் பங்குகொண்ட ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அறுபத்து நான்கு பெயர்கள். நம்பூதிரிகள் மட்டுமன்றி அம்பலவாசிகள், நாயர்கள், நம் தமிழ்ப் பட்டர்கள் பதின்மர் என்று அப்பட்டியல் நீண்டது. கலைவாணர்களும் அதில் இருந்தனர். கதகளிக் கலைஞர் காவுங்கல் சங்கரப் பணிக்கர் அவர்களுள் ஒருவர். குற்றஞ்சாட்டப்பட்ட ஆண்களும் அவளை எதிர்வினவலாம் என்ற புதுமை இவ்விசாரணையில் அனுமதிக்கப்பட்டது. அவளோ நாளும் இடமும் சொல்லி, அவர்களின் உடலில் மறைந்துள்ள அடையாளங்களையும் சொல்லி மெய்ப்பித்தாள் என்பர். அறுபத்தைந்தாவதாக ஒரு பெயர் வரவிருந்தது என்றும், அதைக் கேட்க அஞ்சி விசாரணையை முடித்தனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அதை நாம் நம்பவில்லை. ஆனால் அப்படியொரு கதை பிறந்ததே, அறுபத்து நான்கு பெயர்களைக் கேட்ட ஊர் எவ்வளவு நடுங்கியது என்பதற்குச் சான்று.

இப்போது ஹெஸ்டரையும் தாத்ரியையும் ஒருங்கு நிறுத்திப் பாருங்கள். ஹெஸ்டர் பேச மறுத்தாள். அம்மறுப்பால் ஓர் ஆணின் பெயர் காக்கப்பட்டது. தாத்ரி பேசினாள், அப்பேச்சால் தீர்ப்புக்கூறும் குலமே குற்றவாளிக் கூண்டில் ஏறியது. பழி சுமத்தும் ஏற்பாடு பெண்ணின் மௌனத்தை நம்பியே இயங்குகிறது. 'சொல், சொல்' என்று மன்றம் கேட்பது வெளிவேடம். அவள் உண்மையில் சொல்லத் தொடங்கினால் மன்றம் தாங்காது. பாஸ்டன் மேடையில் ஹெஸ்டர் அன்று வாய் திறந்திருந்தால், ஆளுநருக்கு அருகே அமர்ந்திருந்த போதகரின் பெயரல்லவா வெளிவந்திருக்கும்!

ஹெஸ்டரின் மௌனம் காதலால் விளைந்தது. அதனைக் கோழைமையென இகழலாகாது என்று அன்பர்கள் கூறக்கூடும். நாமும் இகழவில்லை. அம்மௌனத்தின் பயனையே நோக்குகிறோம். அது டிம்ஸ்டேலைக் காத்ததா? ஏழாண்டுகள் அவரை உள்ளிருந்து அரித்தது அதுவே. மருத்துவர் வேடத்தில் வந்து அவர் நெஞ்சைக் கீறிக்கொண்டிருந்த பழைய கணவன் சில்லிங்வொர்த்துக்கும் அவள் மௌன வாக்குக் கொடுத்திருந்தாள். இருவருக்கும் கொடுத்த வாக்கைக் காத்து இருவரின் அழிவுக்கும் வழிவிட்டாள். இதனை ஹாதார்ன் அறிவார். அவள் வாயாலேயே வருத்தமும் தெரிவிக்கச் செய்கிறார். ஆனால் மேடையில் பேசும் உரிமையை மட்டும் இறுதிவரை அவளுக்கு அவர் தரவில்லை. மூன்றாம் மேடைக் காட்சியில் பேசுபவர் டிம்ஸ்டேல். அவள் தாங்கிப் பிடிக்கிறாள்.

டிம்ஸ்டேல் மார்பைத் திறந்து காட்டி மாய்ந்த பின்னரும் ஊர் என்ன செய்தது என்பதை இறுதி அத்தியாயம் சொல்லுகிறது. அவர் மார்பில் அடையாளம் எதுவும் இல்லை என்றே சிலர் சாதித்தார்கள். எல்லா மனிதரும் கடவுள் முன் பாவிகளே என்று உணர்த்தவே அம்மகான் ஒரு வீழ்ந்த பெண்ணின் கைகளில் உயிர்விட்டார் என்று பொருளும் சொன்னார்கள்! பெண்ணின் துணியில் இருந்த எழுத்தை ஏழாண்டுகள் தெளிவாகப் படித்த கண்கள், ஆணின் உடலில் இருந்த எழுத்தை நேரில் கண்டும் படிக்க மறுக்கின்றன. நூல் முழுவதிலும் கூர்மையான இடம் இதுவே என்பது நம் துணிபு. பாடநூல் உரைகள் இதைக் கடந்துபோய் விடுகின்றன. தாத்ரியின் வழக்கில் உடல் அடையாளங்களைச் சொன்னவள் பெண். அங்கே மறுக்க இயலாமற் போயிற்று.

தமிழ்ப் படைப்பாளிகளும் இவ்விடத்தைத் தொட்டவர்களே. இந்நகரில் 1948இல் தம் இறுதி நாட்களைக் கழித்து மறைந்த புதுமைப்பித்தன், 'சாப விமோசனம்' கதையில் அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். அங்கே அவளைக் கல்லாக்குவது முனிவர் சாபமன்று. சீதையையே ஊருக்கு மெய்ப்பிக்க நெருப்பில் இறக்கினார்கள் என்ற செய்தி. ஜெயகாந்தன் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையில், கெடுக்கப்பட்ட மகளின் தலையில் நீரை ஊற்றி, 'நீ சுத்தமாகிவிட்டாய்' என்று சொல்லி விஷயத்தை நான்கு சுவருக்குள் அடக்கிவிடுகிறாள் தாய். அதற்கெழுந்த எதிர்ப்பைக் கண்டபின், அத்தாய் வாய்விட்டுக் கதறி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நாவலாக விரித்தார். நடந்த குற்றம் இரண்டிலும் ஒன்றே. அலர் எழுந்ததா இல்லையா என்பதில்தான் ஒரு பெண்ணின் வாழ்வு இருவேறு பாதையாகப் பிரிகிறது. திருவனந்தபுரத்து எழுத்தாளர் நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. மனைவி விட்டுப்போன அனந்தன் நாயர் பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த இந்நகரத் தெருக்களில் நினைவுகளைச் சுமந்து திரிகிறார். அவர் மார்பில் யாரும் எழுத்தைத் தைக்கவில்லை. எதிர்ப்படும் ஒவ்வொரு முகமும் அதைப் படிப்பதாக அவரே உணர்ந்து குமைகிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது. பழி ஆணையும் தீண்டும் என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கும் அவரைச் சுடுவது பெண்ணின் செயலால் வந்த பழிதான்.

நாவலின் தொடக்கத்தில் ஒரு செய்தி வருகிறது. புது ஊர் சமைக்க வந்தவர்கள் முதல் வேலையாக இடுகாட்டுக்கும் சிறைக்கும் இடம் ஒதுக்கினார்களாம். இதை நாம் நம்மை நோக்கியும் படிக்க வேண்டும். பியூரிட்டன் மக்கள் குடிபெயர்ந்தோர். தாயகத்தில் வாழ்பவனுக்கு ஊரும் மண்ணும் அடையாளம். வந்த ஊரில் வாழ்பவனுக்கு, 'அவர்கள் கட்டுப்பாடான மனிதர்கள்' என்னும் நற்பெயர் ஒன்றே அடையாளம். அந்நற்பெயரைக் காக்கும் காவற்பணியைக் குடிபெயர்ந்த சமூகங்கள் பெரும்பாலும் தம் பெண்மக்களின் தலையிலேயே ஏற்றிவிடுகின்றன. நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் இங்கு வந்த நம் குடும்பங்களில், 'இங்குள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? அங்குள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்?' என்ற இரட்டை அச்சம் இருந்துவந்திருக்கிறது. பையன் தவறினால் வேலை மாற்றிக்கொண்டு சென்னைக்கோ பம்பாய்க்கோ போய்விடுவான். பெண் தவறினாள் என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாசற்கதவு அரைக்கதவாகச் சாத்தப்படும். பாஸ்டன் மேடையின் கீழே நின்று, நெற்றியில் சூடு போட்டிருக்க வேண்டும் என்று கடுமையாகப் பேசியவர்கள் பெண்களே என்று ஹாதார்ன் எழுதியிருப்பதும் நம் வீட்டுக் கூடங்களுக்குப் புதிய செய்தியன்று.

ஹாதார்ன்மீது நமக்குள்ள குறை ஒன்றே. டிம்ஸ்டேலின் துயரத்தில் அவர் தோய்ந்த அளவுக்கு ஹெஸ்டரின் சினத்தில் தோயவில்லை. தனிமையில் அவள் சிந்தனை எவ்வளவு துணிவாக அலைந்தது, பெண்குலத்தின் நிலை குறித்து என்னென்ன எண்ணினாள் என்று தொடங்குகிறார். உடனே, அது அவளுக்குத் தீங்கே விளைத்தது என்று வழியை அடைத்துவிடுகிறார். இறுதியில் அவள் அயல்நாடு சென்று மீண்டும் பாஸ்டனுக்கே வந்து, யாரும் வற்புறுத்தாமலே அவ்வெழுத்தை எடுத்து அணிந்துகொள்கிறாள். துயருற்ற பெண்கள் அவள் குடிசை தேடி வந்து அறிவுரை கேட்கிறார்கள். இதை மன்னிப்பின் சின்னம் என்று பலர் புகழ்வர். சுமந்து பழகிய சுமையை இறக்கி வைக்கவும் தெரியாமற் போனவளின் நிலையாகவே நமக்குத் தோன்றுகிறது. இறந்தபின் இருவருக்கும் ஒரே கல்லறைக்கல் கிடைக்கிறது. ஆனால் இரு குழிகளுக்கும் இடையே இடைவெளி விட்டே புதைக்கிறார்கள்.

தாத்ரிக்கு அக்கல்லும் கிடைக்கவில்லை. தீர்ப்புக்குப் பின் சாலக்குடியில் ஆற்றங்கரை வீடொன்றில் வைக்கப்பட்டாள் என்பதற்கப்பால் அவளைப் பற்றி வழங்குவன கதைகளே. நம்பூதிரி இல்லத்திலேயே பிறந்து எழுத வந்த லலிதாம்பிகா அந்தர்ஜனம், 1938இல் 'பிரதிகார தேவதை' என்னும் சிறுகதையில் அவளை ஓர் ஆவியாக வரவழைத்து, அவள் கதையை அவளே சொல்லும்படி செய்தார். தன்னிடம் வந்த ஆண்களுள் கடைசியாக, தன்னை யாரென்று அறியாமல், தன் கணவனே வந்து நின்றான் என்று அவ்வாவி சொல்லும் இடத்தைப் படித்தபின் ஹாதார்னின் மேடைக் காட்சிகளுக்குத் திரும்பிப் போவது எளிதன்று. மலையாளம் பள்ளியில் பயின்ற நம் வீட்டுப் பிள்ளைகள் அக்கதையை மூலத்திலேயே உரக்கப் படிக்கட்டும். தாய்மார்களும் பாட்டிமார்களும் உடனிருந்து கேட்கலாம்.